சின்னண்ணாவின் கை

எங்கட சின்னண்ணாவுக்குக் கல்லறை இருக்கவில்லை. கடலில் உயிர்விட்ட பலரைப் போல அவற்ற உடலும் கிடைக்காததால், இறந்த போராளிகளுக்கான மாவீரர் துயிலுமில்லத்தில் நினைவுக்கல் மட்டும்தான் வைத்தார்கள். போர் முடிந்தபிறகு அதையும் இடித்துப்போட்டார்கள்.

விடுதலைப் புலிகளின் கடற்படையான கடற்புலிகளில் சேருமுன்பே அவருக்குக் கடல் தெரியும். செம்மலையில் அப்பாவோடு தொழிலுக்குப் போனவர். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் எஞ்சின் இலேசில் ஸ்டார்ட் வராது. அப்பா களைத்துப்போக, அண்ணாதான் கயிற்றை இழுத்திழுத்துக் கிளப்புவார். அந்தக் கயிறு அறுத்த தழும்பு வலது உள்ளங்கையில் கிடந்தது. அம்மா இன்றைக்கும் அந்தத் தழும்பைச் சொல்லித்தான் அழுவா. முகத்தைவிட அந்தக் கைதான் அவவுக்கு ஞாபகம் என்று நினைக்கிறன்.

லீவில் வந்தால் சண்டையைப்பற்றி வாய் திறக்கமாட்டார். எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். ஒட்டிமீன் குழம்புக்குப் புளி காணாதென்று அம்மாவோடு கொழுவுவார்.

சேதி வந்தபிறகு அப்பா வள்ளத்தில் ஏறவேயில்லை.

2009இல் ஆமிக்குப் பயந்து அவற்ற சீருடைப் படங்களை மாத்தளன் மணலில் புதைத்தோம். மிஞ்சினது பள்ளிக்கூடக் காலத்து அடையாள அட்டைப் படம் ஒன்று. அதைப் பெருப்பித்துச் சட்டம் போட முல்லைத்தீவில் குடுத்திருக்கிறன். மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27க்கு முன்னம் அம்மாவின் கையில் குடுக்கவேணும்.