கறுப்பு பியரில் கெரிசிக் மணம்

நேற்றிரவு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் பால்கனியில், மச்சான் கொண்டுவந்த தேங்காய் போர்ட்டர் என்ற கறுப்பு பியரைத் திறந்தோம். ஹவாயின் மாவி தீவில் வடித்தது, 6 விழுக்காடு ஆல்கஹால்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தபோது காப்பிக் கசப்பு மட்டுமே நாக்கில் நின்றது. தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. குவளையை 20 நிமிடம் அப்படியே வைத்துவிட்டேன். குளிர் தணியத் தணிய வாசம் மேலெழுந்தது. அம்மா ரெண்டாங் கறிக்குக் கெரிசிக் செய்யத் தேங்காய்த் துருவலை வறுக்கும்போது, அது பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும் நொடியில் வீடெல்லாம் பரவுமே, அதே மணம்! எசன்ஸ் கலந்தவற்றில் வரும் சோப்பு வாடை துளியும் இல்லை. வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) வறுத்த தேங்காயும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன.

நுரை சீக்கிரமே அடங்கிவிட்டது. தேங்காயில் எண்ணெய் உண்டு, எண்ணெய் பட்டால் நுரை நிற்காது. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இனிப்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்கிறார் மச்சான். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தென்னை வெல்லமான குலா மெலாக்காபோல் இனிப்பு அடர்ந்திருந்தால் அந்த வறுத்த மணம் அமுங்கிப்போயிருக்கும்.

இன்னொரு கேன் இருக்கிறது. தீபாவளியன்று ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு திறக்கப்போகிறேன்.