சிதறால் பாறையும் என் டிராயிங் வகுப்பும்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கலை பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கைகாட்டுவார்கள். தப்பில்லை, அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வரையப் பழகுகிற பிள்ளைகளை நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது பழைய சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்கு. பாறைக்கு முன்னால் சம்மணம் போட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே உட்காரலாம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர்தான்.

ஏற்றம் பயப்படும்படி இல்லை. கல் பாவிய பாதை. முட்டுவலிக்காரர்கள்கூட நின்று நின்று ஏறிவிடலாம். அடிவாரத்து ரப்பர் தோட்டங்களில் காலையில் பால்வெட்டு முடிந்து சிரட்டைகளில் பால் இறங்கிக்கொண்டிருக்கும். அங்கேயே ஒரு பையன் நோட்டைத் திறந்துவிட்டான். "மக்களே, மரத்தை வீட்டுப் பக்கத்திலேயே வரையலாம், மேல வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். பாதையின் கடைசியில் பாறைகளுக்கு நடுவே ஒடுக்கமான வழி. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டியதும் நேராக உச்சிக்குப் போய், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பின்னால் நிறுத்தி செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காற்றும் காட்சியும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துச் சிற்பம் பக்கவாட்டில் இருக்க, அதைக் கடந்து ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

தொங்கும் பாறையின் முகத்தில் வரிசையாக உட்கார்ந்த திருமேனிகள். போன உடனேயே வழக்கமான கேள்வி வந்தது.

"சார், இது புத்தர்தானே?"

"தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாரு."

"குடை. ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு."

முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானி. உடம்பில் துணியின் கோடும் இல்லை. புத்தர் என்றால் துறவிகள் போர்த்தும் சீவர ஆடையின் விளிம்பாவது காட்டியிருப்பார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர். சிங்கத்தோடும் காலடியில் சின்ன உருவங்களோடும் நிற்கிற பெண் அம்பிகா, நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் இயக்கி, அதாவது காவல் தெய்வம். பிள்ளைகள் எல்லோரும் முதலில் அம்பிகாவைத்தான் வரையப் பார்ப்பார்கள், இடுப்பு வளைவும் அசைவும் இருக்கிறதே. நான் விடமாட்டேன். முதலில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் ஒருவர். அதை ஒழுங்காகப் போட்டால்தான் அம்பிகா.

காரணம் இருக்கிறது. சமணத் திருமேனி செய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. உட்கார்ந்த உருவத்தில் ஒரு முட்டிக்கும் மறு முட்டிக்கும் உள்ள தூரம், வலது முட்டியிலிருந்து இடது தோள், இடது முட்டியிலிருந்து வலது தோள், ஆசனத்திலிருந்து தலைமுடி விளிம்பு, நான்கும் சமமாக வர வேண்டும். பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளக்கச் சொன்னேன். பிறகு அரைமணி நேரம் சண்டை. பெரிய உருவத்தில் கிட்டத்தட்ட ஒத்துவருகிறது, சின்ன மாடத்துக்குள் இருப்பதில் தோள் குறுகிவிட்டது என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அவள் சொன்னது சரி. கல்லில் இடம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தானே உளி போகும்? உருவங்களை எல்லாம் ஒரே மாதிரி என்று தாண்டிப்போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கிடைக்காது.

கீழே வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத்தான் தெரியும். மொபைல் டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து நிழலோடு எழும்பி வரும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. அந்தக் காலத்தில் நாம் திருவிதாங்கூரில் இருந்ததால், இவற்றைப் படித்து அச்சேற்றியதும் திருவிதாங்கூர் தொல்லியல் துறைதான். அந்தத் துறையை நடத்திய கோபிநாத ராவ் காலத்து வேலை. திருமேனி செய்வித்தவர்களில் ஒருவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி. மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளில் திரும்பத் திரும்ப வருகிற அதே பெயர்.

எனக்குப் பிடித்தது இன்னொரு கல்வெட்டு. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு. அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள் இந்த மலைத் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்த செய்தி. குரத்தி என்றால் பெண் குரு.

"பொம்பள டீச்சரா சார்? அப்பவேவா?"

அப்பவேதான். கழுகுமலைக் கல்வெட்டுகளில் 'திருச்சாரணத்துக் குரத்திகள்' என்றே வருகிறது. இந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. இங்கிருந்து ஒரு பெண் குருவின் பேர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அது வரைக்கும் நிழலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த பெண்பிள்ளைகள் எழுந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

உள்ளே தொங்கு பாறையின் அடியில் மண்டபம், மடைப்பள்ளி, மூன்று சன்னதிகள். மகாவீரர், பார்சுவநாதர், மூன்றாவது அம்மன். பத்மாவதி என்ற சமண இயக்கியாக இருந்தவள் 13-ஆம் நூற்றாண்டில் பகவதி ஆனாள். ஆனாலும் பக்கத்துத் தீர்த்தங்கரர்களை யாரும் பெயர்த்து எறியவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோவில் தூண்களிலும் இதே கதைதான், பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில்கூட குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணர்களின் பெயர் அந்தக் கோவில் கல்வெட்டுகளில் வருகிறது. நம் ஊர் ஆட்கள் சாமியை மாற்றினாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை போலிருக்கிறது. பாறையின் உச்சியில் செங்கல் விமானம் ஒன்று சிதைந்து நிற்கிறது, அதை வரைய வெயில் விடவில்லை.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள், பாறை சுடும். மழை பெய்த மறுநாள் செருப்பு வழுக்கும். ஸ்கெட்ச் புத்தகத்துக்கு 4பி பென்சில் போதும், வண்ணம் தேவையில்லை.

வண்ணம் வேண்டுமானால் அடுத்து திருநந்திக்கரை. முதலாம் ராசராசன் பிறந்த சதய நாளைக் கொண்டாடச் சொல்லும் கல்வெட்டு உள்ள குடைவரை அது. சுவரோவியம் பெரும்பாலும் போய், அங்கங்கே கோடு மட்டும் மிச்சம். கோடு போடப் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல சுவர் எது? அடுத்த வகுப்பு அங்கேதான்; வருகிற பெற்றோர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வரவும், என்னை நம்ப வேண்டாம்.