மயிலுக்கு ஒரு பாத்தி: சேர்வராயன் அடிவாரத்துக் கோடைக் குறிப்பு

செம்மண் மேட்டுக்காடு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். காய்கறிக்கு 20 சென்ட், பறவைகளுக்கென்று 5 சென்ட். மேலே ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமைக் கவலை. இங்கே கீழே மயில், பன்றி, குரங்கு. கோடையில் மயிலைக் காய்கறிப் பாத்திக்கு இழுப்பது பசியைவிடத் தாகம்தான். தொட்டி காய்ந்து கிடந்தால் அன்றைக்கே தக்காளியில் கொத்தல் கூடிவிடுகிறது.

அதனால் முதல் வேலை தண்ணீர். அகலமான மண்சட்டிகளும் ஒரு சிமெண்ட் தொட்டியும் வைத்திருக்கிறது. புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் கசியும்; ஒரு வாரம் நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே பறவைக்கு விட வேண்டும். சட்டியில் ஆழம் இரண்டு விரல் போதும். நடுவில் கூழாங்கல் போடாவிட்டால் தேனீ விழுந்து சாகும். வாரம் இருமுறை கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் கொசுப்புழு கொசுவாகுமுன் போய்விடும். புதரை ஒட்டி வைத்தால் பூனைக்குத்தான் வசதி. பத்தடி தள்ளி, மேலே ஒரு கிளை இருக்கும் இடமாகப் பார்த்து வைக்கலாம்.

5 சென்டில் கம்பு. சோளத்தை வேண்டாமென்று விட்டதற்குக் காரணம் உண்டு: இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு இருக்கும், வாடிய பயிரில் இன்னும் கூடும், வேலி தாண்டும் ஆடு மேய்ந்தால் போச்சு. கம்பில் அந்தப் பயமில்லை. விதை 100 கிராம், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. மாசி முதலில் பாதி, மூன்று வாரம் கழித்து மீதி. ஒரே நாளில் விதைத்தால் எல்லாக் கதிரும் ஒன்றாகப் பால் பிடித்து, கிளியும் தினைக்குருவியும் ஒரு வாரத்தில் தீர்த்துவிட்டு அடுத்து எங்கே என்று பார்க்கும். முளைக்கும்போது மயில் பிடுங்காமலிருக்க, நாற்று ஒரு சாண் வரும்வரை மேலே முள்ளைப் பரப்பி வைக்க வேண்டும். பாத்தி காய்கறித் தோட்டத்தின் எதிர்க்கோடியில் இருக்கட்டும். தானியத்தை அள்ளி இறைப்பது மட்டும் கூடாது. அது குரங்குக்கு அழைப்பு.

காய்கறிப் பக்கம் தக்காளியை நம்பக் கூடாது. பகல் 35 டிகிரி தாண்டினால் பூ உதிரும். சேலத்தில் சித்திரை முழுக்க அதற்கு மேல்தான். வெண்டையும் கொத்தவரையும் தாங்குகின்றன. சுரையில் வெயில் ஏற ஏற ஆண்பூதான் அதிகம், பிஞ்சு நிற்காது. பூ சாயங்காலம்தான் விரியும். இருட்டுமுன் ஓர் ஆண்பூவின் இதழைக் கிழித்துவிட்டு, அடியில் குட்டிக்காய் உள்ள பெண்பூவின் சூல்முடியில் தடவினால் பிடிக்கும். காலையில் போய்த் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும்.

மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்குக் கடலைப் பொட்டு (நிலக்கடலை ஓடு), நான்கு அங்குலக் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி. ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், கரையான் ஏறும். பொட்டில் கடலை கிடந்தால் எலி வரும், எலி பின்னாலேயே சாரைப்பாம்பு வரும். சாரை வருவது நல்லதுதான். ஆனால் தரையில் தொளதொளவென்று கிடக்கும் பழைய மீன்வலையில் அது சிக்கிச் செத்துப்போகும். வலை கட்டுவதானால் அரை அடி தூக்கி, விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். வேலிக் கம்பியில் கரண்ட் விடுவது பேச்சுக்கே இடமில்லை. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை, மனிதனும் அதே கம்பியில்தான் சாகிறான். மினுக்கும் ரிப்பன் சில நாள் மிரட்டும், பிறகு மயில் அதன் அடியிலேயே மேயும்.

சொட்டுநீருக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர், காலையில் ஒன்றரை மணி நேரம். உப்புத் தண்ணீரில் துவாரம் வெள்ளை பூத்து அடைக்கும். கழற்றும் வகை டிரிப்பரை வாங்கி, வினிகர் கலந்த தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். வாரம் ஒருமுறை பக்கக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போகும்வரை விட வேண்டும்.

வைகாசியில் இரண்டு உழவு மழை கிடைத்ததும் கம்புத் தட்டை மாட்டுக்கு. அதே பாத்தியில் பசுந்தாள் உரத்துக்காக ஒரு கிலோ சணப்பு விதைத்தால், பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுது ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயாராகும்.