பழைய டாடா 407 லாரிய வேலை பாக்கறதா, வேற வண்டி எடுக்கறதா

2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்

வடகாடு பக்கம் பரப்பலாறு டேம் மலை ஏத்தத்துல வண்டி இழுக்கல. மேல காலி கிரேட் மட்டும்தான், அதுக்கே ரெண்டாவது கியர்ல தெணறுது. ஓரங்கட்டி ஆயில் மூடிய தெறந்தா குக்கர் விசில் மாதிரி புகை அடிக்குது. பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் தேஞ்சு புகை கீழ கசியுது. இத சொல்ல மெக்கானிக்கே வேண்டாம்.

அப்பா 2003ல எடுத்த 407 இது. 22 வருஷமா பாச்சலூர், தாண்டிக்குடில இருந்து வாழைத்தாரு, பீன்ஸ், மேரக்காய் (சௌசௌ)னு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எறக்கிட்டு இருக்கு. செப்டம்பர் 5 ஓணம், கேரளாக்காரங்க காய்க்கு பறக்கற நேரம், ஆளாளுக்கு எனக்கு போன் அடிக்கறாங்க, நான் ரோட்டோரத்துல நின்னு புகைய பாத்துட்டு இருக்கேன்.

2025 ஆகஸ்ட் 21, வியாழன்

பட்டறைல விட்டாச்சு. மெக்கானிக் அண்ணன் இன்ஜின ரேஸ் பண்ணி பாத்துட்டு "தம்பி, கிட் மாத்தணும், கிராங்க்கும் பாக்கணும், தொறக்கட்டா?"ன்னார். கிட்டுன்னா பிஸ்டன், ரிங் செட்டு, கிராங்க்குன்னா பிஸ்டன் சுத்தற தண்டு. தொறங்கண்ணேன்னுட்டேன். வீட்ல ஒரு வார்த்தை கேக்கல. சாயங்காலமே ஹெட்டு ஒரு பக்கம் பிஸ்டன் ஒரு பக்கம்னு சாக்கு மேல கெடக்கு.

2025 ஆகஸ்ட் 28, வியாழன்

நேத்து விநாயகர் சதுர்த்தி, லேத் லீவு. இன்னிக்குதான் கிராங்க அளந்து சொன்னாங்க. சாணை புடிக்க புடிக்க கிராங்க் மெலிஞ்சுட்டே போகும், ஏற்கனவே 20 சைஸ்ல ஓடிட்டு இருக்காம், இப்ப சாணை புடிச்சா 30. அதுக்கப்புறம் அடுத்த தடவ வேற கிராங்க் தேடிக்க வேண்டியதுதான்.

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். கிட்டு, ஷெல், ஹெட் வேலை, பம்ப் நாசில், லேத் கூலி எல்லாம் சேத்து இன்ஜின் மட்டும் 1,15,000. பாடி பலகையும் டோரும் புதுசா போட 90,000. பின்னாடி நாலு டயர் ரீட்ரெட், முன்னாடி ரெண்டு புதுசு, 35,000. பெயின்ட், பிரேக் லைனர், லைட்டு, ஸ்டிக்கர், எஃப்சி (தகுதிச் சான்று) செலவு எல்லாம் ஒரு 40,000. ஆக 2,80,000. புது வண்டி ஆன்ரோடு 12 லட்சத்த தொடுது, கால்வாசி கூட இல்லையே, வேலை பாக்கறதுதான் லாபம்னு கொட்டையா நோட்டுல எழுதி அடிக்கோடு வேற போட்டேன்.

(அந்த அடிக்கோட்ட இப்ப பாத்தா சிரிப்பு வருது.)

2025 செப்டம்பர் 4, வியாழன்

நேத்து ராத்திரி டிவில ஜிஎஸ்டி செய்தி. லாரிக்கெல்லாம் 28 சதவீதம் இருந்தது 18 ஆகுதாம், 22ஆம் தேதில இருந்து. காலைல ஆறு மணிக்கே மச்சான் போன். "மாமா, பழச தூக்கி போடுங்க, 10 லட்ச ரூபா வண்டிக்கு ஒரு லட்சம் கொறையுது"ங்கறான். அப்படி இல்லடா, 10 லட்சம்ங்கறதே வரியோட சேந்த வெல, வண்டியோட அசல் வெல 7,81,250 தான், அதுக்கு 18 போட்டா 9,21,875 வருது, கொறையறது 78 ஆயிரம்னு சொன்னேன். அதுவும் காசுதானேங்கறான். காசுதான். ஆனா மிச்ச பணத்துக்கு ட்யூ கட்டப்போறது அவன் இல்லையே.

இன்னொண்ணும் சொன்னான், 15 வருஷம் ஆன வண்டிய இனிமே ரோட்டுல விடமாட்டாங்கன்னு. இத நெறைய பேரு நம்பிட்டு இருக்காங்க. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷத்தோட நிறுத்துனது அரசாங்க வண்டிகள. நம்ம மாதிரி ஆளுங்க வண்டிக்கு டெல்லில இருக்கற மாதிரி வயசு கணக்கு இங்க இல்ல, எஃப்சி கெடைக்கற வரைக்கும் ஓட்டலாம். 8 வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் எஃப்சி, 15 தாண்டிட்டா அதுக்கான கட்டணமும் 2022ல ஏறிப்போச்சு, தொல்ல அங்கதான்.

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

இன்னிக்கு நடந்தத எழுதவே புடிக்கல.

புது பலகை போடறதுக்கு பழச கழட்டுனோம். அடில பலகைய தாங்கற குறுக்குச் சட்டம், கிராஸ் மெம்பர் பூரா பொருக்கு பொருக்கா உதிருது. 22 வருஷத் தக்காளி தண்ணி. தக்காளி நசுங்கி சொட்டற தண்ணி புளிப்புல்ல, பெயின்ட்ட தின்னுட்டு இரும்பையும் தின்னுருக்கு. அதக்கூட வேற அடிச்சு போட்டுக்கலாம். பின் ஸ்பிரிங்கோட முன்பக்க பிராக்கெட் கிட்ட அண்ணன் கம்பி பிரஷ்ஷால தேச்சுட்டு டார்ச் அடிச்சு காட்டுனாரு, ரிவெட் ஓட்டைல இருந்து மொத்த வண்டியையும் தாங்கற நீளச் சட்டம், சேசிஸ் ரெயில்லயே மேலாப்ல ஒரு விரக்கடை நீளத்துக்கு முடி மாதிரி கோடு. க்ராக்.

வெல்டிங் வெச்சு உள்ள தகடு குடுத்தா நிக்காதாண்ணேன்னேன். "சமவெளில நிக்கும் தம்பி. பாச்சலூர் கொண்டை ஊசில ரெண்டு டன்னோட ஒரு பக்கமா சாயறப்ப நிக்கும்னு நான் வாய் குடுக்க மாட்டேன்"னுட்டார். அந்த ரோட்டுல டிரைவர் பையன் உக்காந்து ஓட்டறான், அவனுக்கு 24 வயசு.

என் மேலதான் கோவம். இன்ஜின் எப்ப வேணா தொறந்துக்கலாம், அதுக்கு முன்னாடி ரெண்டு பலகைய தூக்கிட்டு சேசிஸ பாத்திருந்தா ஒரு பைசா செலவில்லாம விஷயம் தெரிஞ்சிருக்கும். இப்ப கிட்டு வாங்கியாச்சு, கிராங்க் லேத்துல கெடக்கு, பிரிச்சு போட்ட வண்டி, விக்கப்போனாலும் இரும்பு வெலைதான் கேப்பான்.

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்காரம்மா வாடகை நோட்ட எடுத்துட்டு வந்து முன்னாடி போட்டா. "ஏங்க, போன வருஷம் எத்தன நாள் வண்டி பட்டறைல நின்னுச்சுன்னு எண்ணிப்பாத்தீங்களா?" எண்ணிப்பாத்தோம், 47 நாள். செல்ஃப் மோட்டாரு, ஹவுசிங் சீல், கிளட்ச்சு, ரேடியேட்டர்னு ஒவ்வொண்ணா. அந்த 47 நாள் வாடகைய நான் செலவுலயே எழுதல, எழுதணும்னு தோணவும் இல்ல.

கேரளா லோடும் இருக்கு. வெளி மாநிலம் போறதுக்கான நேஷனல் பெர்மிட் ரெண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருஷம் வரைக்கும்தான், நம்ம வண்டிக்கு அது 2015லயே முடிஞ்சுது. பத்து வருஷமா மலைல இருந்து மார்க்கெட் வரைக்கும் நாம எறக்கறோம், அங்க இருந்து பாலக்காட்டுக்கு வேற எவனோ ஏத்திட்டு போறான், நல்ல வாடகை அவனுக்கு. இன்ஜின பளபளன்னு ஆக்கிட்டாலும் ஆர்சில வருஷம் 2003தானே.

அப்பா திண்ணைல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தாரு. "க்ராக் எந்தப் பக்கம்?"னு மட்டும் கேட்டாரு. டிரைவர் பக்கம்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

2025 செப்டம்பர் 23, செவ்வாய்

நாலு வண்டி பாத்தாச்சு. மச்சான் 14 அடி வண்டியா எடுங்கன்னு ஒரே புடியா இருந்தான். அது கொண்டை ஊசில ஒரே ஒடிப்புல திரும்பாது, ரிவர்ஸ் எடுக்கணும், பின்னாடி பள்ளம். அதுவும் இல்லாம மொத்த எடை 7500 கிலோவுக்குள்ள இருந்தா எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸே போதும்னு போன நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அதுக்கு மேல போனா நம்ம பையன் லைசென்ஸ் செல்லாது. ஆக மறுபடியும் 407தான். புதுசா பழசாங்கறதுதான் மிச்சம்.

புதுசு பிஎஸ் 6, புது புகை விதி வண்டி. புகைய சுத்தம் பண்ற ஆட் ப்ளூ திரவம் ஊத்தணும், சைலன்சர்ல ஃபில்டர் அடைக்காம பாக்கணும், நாம ஓட்டறதோ எட்டு கிலோமீட்டர் ஏறி அரை மணி நேரம் நின்னு மூட்டை ஏத்தற ஓட்டம். அதுக்கு ஒத்து வராதுன்னு சொல்லல, பழகணும். ட்யூதான் பயம்.

கரூர் பக்கம் ஒரு வண்டி புடிச்சுது. 2019, பிஎஸ் 4, ஒரே ஓனர், ஜவுளி லோடு மட்டும் அடிச்சது, அடில துரு இல்ல. இந்த தடவ மொதல்ல கீழ படுத்துதான் பாத்தேன், சட்டை பூரா கிரீஸ். அப்புறம் சேசிஸ் நம்பர தேச்சு ஆர்சியோட ஒத்து பாத்தது, ஃபைனான்ஸ் முடிஞ்ச என்ஓசி, வரி, கேஸ் ஏதாவது நிக்குதான்னு ஆன்லைன்ல பாத்தது. பெர்மிட் கணக்குல 2031 வரைக்கும் கேரளா போகலாம். பட்டறை அண்ணனும் கூட வந்திருந்தாரு, ஓட்டிப் பாத்துட்டு "வண்டி நல்லாருக்கு. ஆனா காமன் ரெயில், டீசல் அடிக்கறதே கம்ப்யூட்டர்தான், இதுக்கு என் ஸ்பேனர் பத்தாது தம்பி, ஸ்கேனர் வேணும்"னார். சிரிச்சுட்டேதான் சொன்னாரு. 22 வருஷமா நம்ம வண்டி அவர்கிட்டதான், அவருக்கும் ஒரு வரும்படி போகுது.

6,40,000 சொன்னாங்க. புதுசே நேத்துல இருந்து எறங்கிடுச்சே, பழசு எறங்காதான்னேன். 5,85,000ல நின்னுச்சு. புரட்டாசில வண்டி எடுக்கலாமான்னு அம்மாவுக்கு ஒரே யோசனை. பெருமாள் மாசம்தானே, அவரே பாத்துக்குவார்னேன்.

2025 அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. புது வண்டி பேரு மாத்தற வேலைல இருக்கு, இன்னும் வரல. அப்பா பட்டறைக்கே போயி இன்ஜின் இல்லாம நிக்கற பழசுக்கு கழுவி சந்தனம் வெச்சு பூசணிக்கா உடைச்சுட்டு வந்தாரு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சீங்களாப்பான்னேன். "நகராத வண்டிக்கு எதுக்குடா எலுமிச்சம்பழம்"னார்.

உடைக்கற ஆளு ஒருத்தர் எடை போட்டு எடுத்துக்கறேங்கறார், ஆர்சி பத்தி பேச்சே எடுக்க மாட்டேங்கறார். அது வேலைக்கு ஆகாது. ஆர்சிய கேன்சல் பண்ணாம குடுத்துட்டா வண்டி இல்லாமலே நம்ம பேர்ல வரி ஏறிட்டு இருக்கும். லேத்துக்காரர் வேற, கிராங்க் ரெடி, எப்ப வந்து எடுக்கறீங்கன்னு ரெண்டு தடவ கூப்ட்டுட்டார்.

2025 அக்டோபர் 6, திங்கள்

வண்டி வந்துருச்சு. ரெண்டு லட்சம் கைல இருந்து, மிச்சம் 36 மாசம், ட்யூ 13 ஆயிரத்து சொச்சம். டேம் ஏத்தத்துல மூணாவது கியர்லயே ஏறுது, பையன் மூஞ்சில அவ்வளவு சந்தோஷம்.

ஜாக்கி, கயிறு, ஸ்பேனர் பெட்டி எல்லாத்தையும் பழசுல இருந்து எடுத்து இதுல போட்டோம். தார்ப்பாய விரிச்சா பின்னாடி ஒரு அடி பத்தல, இது பாடி நீளம். மழை வேற மூட்டமா இருக்கு. நாளைக்கு காலைல திண்டுக்கல் போயி ஒட்டு போட்டுட்டு வரணும்.