வேதியியலில் குறைந்த தரமும் மருத்துவப் படிப்புக்கான இடமும்

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது. மற்றப் பாடங்களிலெல்லாம் ஏ வாங்கிய பிள்ளை வேதியியலில் மட்டும் சறுக்கிவிட்டால், டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்குமா, கிடைக்காதா? ஆறாம் படிவத்தில் வேதியியல் கற்பிப்பவன் என்பதால் அந்தக் கேள்வி பெரும்பாலும் என் வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்கிறது. கேட்பவர்களின் முகத்தைப் பார்க்கும்போது "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லத்தான் மனம் வரும். ஆனால் அந்த ஆறுதலை நம்பி ஒரு குடும்பம் சேமிப்பு முழுவதையும் எடுத்துக் கட்டிவிடக்கூடும் என்பதால், விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பாடத்தில் கிடைத்த குறைந்த தரம் இரண்டு இடங்களில் குறுக்கே நிற்கிறது. ஒன்று, தகுதி வரம்பு. மலேசிய மருத்துவ மன்றம் வகுத்துள்ள குறைந்தபட்சத் தகுதிக்குக் கீழே போய்விட்டால், மற்றப் பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மற்றொன்று, போட்டி, வரம்பைத் தாண்டிவிட்ட பிறகும் அந்தத் தரம் ஒட்டுமொத்தச் சராசரியைக் கீழே இழுத்து, வரிசையில் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளும். பெற்றோர் பெரும்பாலும் இரண்டாவதை நினைத்தே அஞ்சுகிறார்கள். முதலாவதைக் கவனிப்பதே இல்லை. என் அனுபவத்தில் பெரிய இழப்புகள் நேர்வது முதலாவதில்தான்.

வரம்பு, ஆறாம் படிவத்துக்கு முன் பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்விலேயே தொடங்குகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றிலும், கணிதம் அல்லது கூடுதல் கணிதத்திலும், மேலும் ஒரு பாடத்திலும் குறைந்தது பி இருக்க வேண்டும். எஸ்.பி.எம். தர வரிசையில் பி மைனஸ் என்று ஒன்று கிடையாது. பி தவறினால் அடுத்தது சி பிளஸ்தான். பள்ளிக்கூடக் கணக்கில் சி பிளஸ் என்பது கிரெடிட் என்பதால், "கிரெடிட் கிடைத்துவிட்டது" என்று வீட்டில் மகிழ்ச்சியோடு பேசிக்கொள்வார்கள். மற்றப் படிப்புகள் பலவற்றுக்கு அது போதும்; மருத்துவத்துக்குப் போதாது. பதினேழு வயதில் வாங்கிய அந்த ஒரு சி பிளஸ், ஆறாம் படிவத்தில் எவ்வளவு சிறப்பாகத் தேறினாலும் தானாக மறைவதில்லை.

சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு தந்தை மகளோடு வந்திருந்தார். லாரி ஓட்டுநர். மேசைமேல் எஸ்.டி.பி.எம். முடிவுத்தாளை மட்டும் வைத்தார். வேதியியலில் பி, உயிரியலிலும் கணிதத்திலும் ஏ மைனஸ். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் முகவர், இதுவே தாராளம் என்று சொல்லி, பதிவுக் கட்டணம் கேட்டிருந்தார். "சேமநிதியில எடுத்துக் கட்டிடலாம்னு இருக்கேன் சார்" என்றார் அவர். "அண்ணே, எஸ்.பி.எம். தாளைக் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பையிலிருந்து எடுத்து மடிப்பைப் பிரித்தாள். வேதியியல் வரிசையில் சி பிளஸ். முகவர் அந்தத் தாளைக் கேட்கவே இல்லையாம். அவள் அதைச் சுட்டிக் காட்டியபோது தந்தை என்னைப் பார்த்தார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கும் வழி உண்டு. தனியார் தேர்வாளராகப் பதிந்து, எஸ்.பி.எம். வேதியியலை மட்டும் மீண்டும் எழுதலாம். அந்தப் பெண் அதைத்தான் செய்தாள். பி கிடைத்த பிறகே விண்ணப்பித்தார்கள். ஓராண்டு தள்ளிப்போயிற்று. சொந்தபந்தங்கள் "இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளா?" என்று கேட்டதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பெரும் வேதனையாக இருந்தது. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் அயல்நாட்டில் படித்துவிட்டு வந்து, அடிப்படைத் தகுதியில் குறை என்று பதிவுக்காக அலைவதோடு ஒப்பிட்டால், ஓராண்டு பெரிதல்ல. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மன்றத்தில் பதிவு பெறாதவர் எவரும் இந்நாட்டில் மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது. பல்கலைக்கழகம் இடம் கொடுப்பதும் மன்றம் பதிவு கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை முகவர்கள் சொல்வதில்லை.

எஸ்.பி.எம். வரம்பைத் தாண்டியவர்களுக்கு அடுத்த வரம்பு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். என்றால் உயிரியல், வேதியியல், இவற்றோடு இயற்பியல் அல்லது கணிதம் ஆகிய மூன்றிலும் பி என்பதை அடித்தளமாகக் கொள்ளலாம். ஏ-லெவல் என்ற பிரிட்டிஷ் தேர்வு வழியில் மூன்று பி, அல்லது ஓர் ஏ, ஒரு பி, ஒரு சி, அல்லது இரண்டு ஏ, ஒரு சி ஏற்கப்படுகிறது; அதாவது ஒரு பாடத்தின் சி-யை இன்னொரு பாடத்தின் ஏ ஈடுசெய்ய அங்கே இடம் இருக்கிறது. மெட்ரிகுலேஷன், அடித்தளக் கல்வி ஆகிய வழிகளில் ஒட்டுமொத்தச் சராசரி 3.00க்குக் குறையக் கூடாது. ஆகவே "வேதியியலில் சி வந்தால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு, பிள்ளை எந்த வழியில் படித்தது என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது என்பதும் ஆதாரமாகாது. அவன் ஏ-லெவல் படித்தவனாக இருக்கலாம்.

இங்கே ஆறாம் படிவத்தில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறிவியல் பிரிவில் பெரும்பாலோர் பொதுப்பாடம், கணிதம், வேதியியல் ஆகியவற்றோடு இயற்பியல் அல்லது உயிரியல் இரண்டில் ஒன்றையே எடுக்கிறார்கள். இயற்பியலை எடுத்தவர் பின்னர் மருத்துவம் கேட்டால், தரம் குறைந்ததால் அல்ல, பாடமே இல்லாததால் இடம் மறுக்கப்படும். முதல் வாரத்தில் நண்பர்களோடு ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பாடத்தை மாற்றிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்கப் பள்ளியும் வீடும் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கலாம்.

இனி போட்டி. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று தகுதிப் புள்ளி கணக்கிடப்படுகிறது. எஸ்.டி.பி.எம். தேர்வில் ஏ என்பது 4.00, பி என்பது 3.00, சி பிளஸ் என்பது 2.33. நான்கு பாடத்திலும் ஏ எடுத்தவருக்குச் சராசரி 4.00, கல்விப் பகுதியின் 90 புள்ளியும் முழுதாக வரும். மூன்றில் ஏ, வேதியியலில் பி என்றால் சராசரி 3.75, 90க்கு 84.4 அளவே கிடைக்கும். வேதியியலில் சி பிளஸ் என்றால் சராசரி 3.58 ஆகி, கல்விப் பகுதி 80.6 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே பாடம், ஏறத்தாழ ஒன்பதரைப் புள்ளி. புறப்பாடத்தின் மொத்தமே பத்துப் புள்ளி எனும்போது, அங்கே ஈடுசெய்துவிடலாம் என்ற நினைப்பு எவ்வளவு பலவீனமானது என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது. நான்கு ஏ எடுத்தவர்களே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் தவிப்பதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஆகவே வேதியியலில் பி எடுத்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழக மருத்துவ இடம் மிகவும் கடினம் என்றே நான் சொல்கிறேன். தகுதி இருக்கிறது, விண்ணப்பிக்கலாம், நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் மகிழ்ச்சி. ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

பினாங்குப் பெற்றோர் பலர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது என்ற நெருக்கத்தில் பேசுவார்கள். அதன் தலைமை வளாகம் இங்கே இருந்தாலும் மருத்துவப் பள்ளி கிளந்தானில், குபாங் கிரியானில் உள்ளது. போட்டியோ நாடு முழுவதற்கும் பொது.

தனியார் கல்லூரிகளில் நிலைமை வேறு. 1992இல் தொடங்கி இன்று புக்கிட் ஜாலிலில் இயங்கும் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகமானாலும், 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் பெயர் மாறிய ஜோர்ஜ்டவுன் கல்லூரியானாலும், கெடாவிலுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமானாலும், மன்றத்தின் வரம்புக்கு மேலே தம் விருப்பம்போல் தகுதியை உயர்த்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்க முடியாது. வரம்பைத் தாண்டிய பி இங்கே பெரிய தடையாக இருப்பதில்லை. தடை பணம்தான். தனியார் மருத்துவப் படிப்புக்கு மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அரசு இடத்துக்கும் தனியார் இடத்துக்கும் நடுவே அந்த ஒரு தரத்தின் விலை உட்கார்ந்திருக்கிறது. சேமநிதியை எடுத்தும், நகையை அடகு வைத்தும், அண்ணன் தம்பியிடம் கைமாற்று வாங்கியும் அகலக்கால் வைக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, அதற்கு முன்னால் அந்தத் தரத்தை உயர்த்த முயன்றார்களா என்றுதான் என் மனம் கேட்கிறது.

முயல இடமிருக்கிறது. எஸ்.டி.பி.எம். வேதியியல் மூன்று தவணைகளாகப் பிரிந்துள்ளது. முதல் தவணையில் இயற்பிய வேதியியல். இரண்டாம் தவணையில் வெப்ப வேதியியல், மின் வேதியியல், தனிமங்கள். மூன்றாம் தவணையில் கரிம வேதியியல். மூன்று எழுத்துத் தாள்களும் சேர்ந்து 80 விழுக்காடு, செய்முறை 20 விழுக்காடு. தவணைத் தாள்களை மறுதேர்வாக எழுதி, கிடைத்தவற்றில் சிறந்ததை வைத்துக்கொள்ள வழி உண்டு. எந்தத் தவணையில் புள்ளி போயிற்று என்று தாளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் வேதியியல் முழுவதும் கடினமாக இருந்திருக்காது. என் மாணவர்களில் பலர் முதல் தவணையில், சமநிலைக் கணக்குகளிலும் தாங்கல் கரைசல் கணக்குகளிலும் வழுக்கியவர்கள். ஆறாம் படிவத்துக்கு வந்த புதிதில், எஸ்.பி.எம். பழக்கத்தில் மனப்பாடம் செய்து எழுதப் போனவர்கள் அவர்கள். அதே பிள்ளைகள் கரிம வேதியியலில் வினைபொருளையும் நிபந்தனையையும் பிசகாமல் எழுதுவார்கள். அத்தகையவருக்கு முதல் தவணைத் தாளை மீண்டும் எழுதுவதே பயன் தரும்; எல்லாவற்றையும் மறுபடி எழுதுவது வீண் உழைப்பு.

இணையத்தில் ஆங்கிலத்தில் தேடிப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், கரிம வேதியியலில் சி வாங்கினாலும் பிற்பாடு முன்னேற்றத்தைக் காட்டினால் போதும் என்ற அறிவுரையைச் சொல்கிறார்கள். அது அமெரிக்காவுக்கானது. அங்கே மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிறகு வருவது. கல்லூரியில் படித்த முன்தேவைப் பாடங்கள், 472 முதல் 528 வரை மதிப்பிடப்படும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, சேவை அனுபவம், நேர்முகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில், மீண்டும் படித்த பாடத்தின் பழைய தரம் அழிவதில்லை. இரண்டும் சராசரியில் சேரும். நம்முடைய யூ.பி.யூ. கணக்கு முதலில் புள்ளியைத்தான் பார்க்கிறது. அந்நாட்டு நம்பிக்கையை இங்கே இறக்குமதி செய்வது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல.

வேதியியல் சரிவராவிட்டால் மருந்தியல் படிக்கட்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மருந்தியல் முழுக்க முழுக்க வேதியியலின்மேல் நிற்கும் படிப்பு. தகுதி வரம்பிலும் அந்தப் பாடத்துக்கு விலக்கு இல்லை. வேதியியலை வெறுக்கும் பிள்ளையை அங்கே அனுப்புவது கொடுமை. உயிரியலில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளைக்கு இயன்மருத்துவம், தாதிமை, ஊட்டச்சத்து போன்றவை நல்ல படிப்புகள். அவற்றை "கிடைக்காததற்குப் பதில்" என்று வீட்டில் பேசாதிருந்தால் பிள்ளை அவற்றை மனமுவந்து படிக்கும்.

கட்டணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். எஸ்.பி.எம். தாளையும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பின் தாளையும் ஒன்றாக வைத்து, மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் அந்த ஆண்டுக்குரிய குறைந்தபட்சத் தகுதியோடு ஒவ்வொரு பாடமாக ஒப்பிடுங்கள். சேரவிருக்கும் கல்லூரியின் பட்டம் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஏதேனும் ஒரு பாடத்தில் ஐயம் இருந்தால், இரண்டு தாள்களின் நகலையும் இணைத்து மன்றத்துக்கே எழுதிக் கேளுங்கள். முகவரின் வாய்ச்சொல்லையோ கல்லூரி முகப்பில் அமர்ந்திருப்பவரின் உறுதிமொழியையோ ஏற்காதீர்கள். எழுத்தில் பதில் கைக்கு வரும்வரை சேமநிதிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.