எடைக்குப் போன மாயாவி

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டை நெருங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. 2018 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. பெட்டியில் பாதிப் பேர் தூங்காமல் போனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கலைஞர் காவேரி மருத்துவமனையில் இருந்த நாட்கள் அவை. எதிர் பெர்த்தில் இருந்த பெரியவர் மட்டும் போனை வைத்துவிட்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஈரோட்டுல என்ன ஜோலிங்க தம்பி?"

"புத்தகத் திருவிழாங்க."

"என்ன புத்தகம் வாங்கப் போறீங்க?"

"காமிக்ஸ்."

என் நரைத்த கிருதாவை ஒரு முறை பார்த்தார். "பையனுக்குங்ளா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பையன் கிடையாது. ஒரே மகள், அவளுக்குக் காமிக்ஸ் பிடிக்காது.

மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட் மாதத்தில் நடத்திவரும் திருவிழா இது. அப்போது வ.உ.சி. பூங்கா மைதானத்தில் கொட்டகை போடுவார்கள், சாயந்திரமானால் சொற்பொழிவும் உண்டு. நாங்கள் போவது சொற்பொழிவுக்கு அல்ல. லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் தமிழ்நாடெங்கிலும் இருந்து வந்து கூடுகிற நாட்கள் அவை. அந்த வருடம் 'இரத்தப் படலம்' என்கிற நீண்ட காமிக்ஸ் தொடரின் வண்ணத் தொகுப்பு வேறு வெளிவருகிறது என்பதால் கூட்டம் கொஞ்சம் கூடுதல். நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் பையை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவாவது ஒரு முறை போக வேண்டும்.

இந்தக் கிறுக்குக்குப் புதியவர்களுக்காக ஒரு பத்தி. சிவகாசியிலிருந்து 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி', விலை 90 காசு. லூயிஸ் கிராண்டேல் என்கிற ஆராய்ச்சிக்கூட உதவியாளன் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடம்பு முழுக்க மறைந்துவிடும். இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த கதைதான், ஆனால் அவனை மாயாவி ஆக்கியது நாம். அவனும், லாரன்ஸ்-டேவிட் ஜோடியும், ஜானி நீரோவும்தான் அந்தக் காலத்து மும்மூர்த்திகள். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ், 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு. அதே மாதம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி', ஒன்றரை ரூபாய். ராணியில் முகமூடி போட்ட காட்டு வீரருக்கும் மாயாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் 'மாயாவி இருக்கா' என்று யாராவது கேட்டால், 'கையா, முகமூடியா' என்று திருப்பிக் கேட்பது எங்கள் வழக்கம்.

புத்தகம் வாங்கியதைப் பற்றியும் சந்திப்பு நடந்ததைப் பற்றியும் எழுதப் போவதில்லை. கைதட்டல், போட்டோ, கேக். அதெல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று. நிஜமான கூட்டம் வெளியே டீக்கடையில்தான் நடக்கும்.

பத்தரை மணி வாக்கில் ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு வாங்கிய புத்தகத்தில் தொடங்கி, வழக்கம்போல விற்ற புத்தகத்துக்குப் போனது. கோவைக்காரர் உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஐந்து ரூபாய்க்கு 'அழகியைத் தேடி' வாங்கியவர். வண்டிக்குப் பெட்ரோல் இல்லாத ஒரு மாதக் கடைசியில் அதை முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். "இப்ப என்ன விலைன்னு மட்டும் என்கிட்ட யாரும் சொல்லாதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டார். 2010-இல் வந்த 'இரத்தப் படலம்' கறுப்பு வெள்ளை குண்டு புத்தகத்தையும் இரண்டு பிரதி வாங்கி வைத்திருந்தாராம். 18 பாகமும் ஒரே புத்தகமாக இருநூறு ரூபாய்க்கு வந்தது அது. சில வருடம் கழித்து ஒன்றை நாலாயிரத்துக்கு விற்றிருக்கிறார். விற்ற பிறகு மனசு கேட்காமல், வாங்கியவருக்கு வேறு நான்கு புத்தகம் சும்மா அனுப்பிவைத்தார். அந்த ஆள் ஒவ்வொரு தீபாவளிக்கும் இவருக்கு இனிப்புப் பெட்டி அனுப்புகிறார். இப்போது வண்ணத்தில் வந்துவிட்டதே, பழையது விலை இறங்குமா என்று ஒருவர் கேட்டார். இறங்காது என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம். ஐந்து பேர் வீட்டிலும் அது இருக்கிறது.

சேலத்து வங்கி நண்பர் ஏமாந்த கதை சொன்னார். இணையத்தில் யாரோ ஒருவரிடம் மூவாயிரம் கட்டி வாங்கிய பழைய முத்து இதழுக்கு, அட்டை மட்டும் கலர் ஜெராக்ஸ். உள்ளே எல்லாம் அசல். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"பின்னுதான் சார் காட்டிக்கொடுத்துச்சு. நாப்பத்தஞ்சு வருஷத்துப் பின்னுன்னா துரு பிடிச்சு, அதைச் சுத்திப் பேப்பர்ல ஒரு காப்பிக் கறை மாதிரி வட்டம் இருக்கணும். உள்பக்கத்துல வட்டம் இருக்கு, அட்டையில இல்லை. பின்னு பளபளன்னு இருக்கு."

அதுவரை பேசாமல் இருந்த சென்னைப் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆளைப் பார்த்தால் அறுபதைத் தாண்டியிருப்பார். "என் கதையில பணம் நஷ்டமே இல்லை" என்றார். மூர் மார்க்கெட்டில் அவருக்கு வாடிக்கையாக ஒரு பழைய புத்தகக் கடை. 1985 மே மாதக் கடைசியில் முத்து காமிக்ஸ் ஒரு கட்டு வந்திருக்கிறது. கையில் காசு இல்லை. ஒண்ணாம் தேதி சம்பளம், எடுத்து வை பாய் என்று சொல்லிவிட்டு வந்தார். மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்துபோனது.

"ரெண்டு நாள்" என்றார். "கடன் கேட்டிருந்தா அந்த பாய் கொடுத்திருப்பார். எனக்குத்தான் கேக்க வெக்கம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சேலத்துக்காரர்தான் அமெரிக்கக் கதையை எடுத்துவிட்டார். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938-ஆம் வருட இதழ், பத்து சென்ட் புத்தகம், 2014-இல் இணைய ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குப் போனது. நடிகர் நிக்கலஸ் கேஜிடம் அதே இதழ் ஒன்று இருந்தது. 2000-இல் திருடுபோய், 2011-இல் ஏதோ ஒரு வாடகைக் கிட்டங்கியில் கிடைத்து, அந்த வருடமே 21 லட்சம் டாலருக்கு மேல் விற்றார். திருடன் புண்ணியத்தில் லாபம்! அங்கெல்லாம் புத்தகத்துக்கு மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள், பிரித்தால் மதிப்பு போச்சு என்றதும் கோவைக்காரர், "அப்ப எப்படிப் படிக்கிறது?" என்றார். படிக்க மாட்டார்கள் என்றோம். "போட்டும் விடுங்க, நம்ம நாலாயிரமே போதும்."

நீ எப்படி இழந்தாய் என்று முறை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆறு பேரில் நால்வருக்கு ஒரே பதில்: அம்மா. வீடு மாறும்போது, வெள்ளையடிக்கும்போது, பரீட்சையில் மார்க் குறைந்தபோது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டார்கள். நானும் அந்த நால்வரில் ஒருவன். திண்டுக்கல்லில் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு சாக்கு நிறைய வைத்திருந்தேன், அம்மா எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். முப்பது வருடமாகச் சொல்லிவருகிற கதை, நன்றாகவே வருகிறது.

மத்தியானம் சேலத்துக்காரர் என்னைப் பள்ளிபாளையத்தில் பழைய காமிக்ஸ் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தறிக்கார அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனார். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம், அவ்வளவு பக்கம். மேட்டூர் அணை ஜூலையிலேயே 120 அடி நிரம்பிவிட்டதால் ஆறு கரை ததும்பச் செம்மண் நிறத்தில் ஓடியது. முந்தின நாள்தான் ஆடிப்பெருக்கு. மஞ்சள் துணியும் பூமாலையும் தூண்களில் மாட்டிக்கிடந்தன. பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கமே சாய்ந்து ஆற்றைப் பார்த்தார்கள்.

தறிக்கார அண்ணன் வீட்டில் பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். முன்பக்கம் விசைத்தறிகள், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சிறிய அறையில் இரண்டு இரும்பு பீரோ. திறந்ததும் வேப்பிலை வாசமும் அந்துருண்டை வாசமும் அடித்தன. ராமபாணப் பூச்சிக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து விரித்துவைப்பாராம்.

"உங்களுக்கு அட்டை வேணுங்ளா, கதை வேணுங்ளா?" என்று கேட்டார்.

விளங்காமல் பார்த்தேன். இரண்டு வகையான ஆட்கள் வருவார்களாம். ஒருவர் அட்டையைப் புரட்டிப் பின்னைப் பார்த்து, முனை மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். மற்றவர் எடுத்ததும் படிக்க உட்கார்ந்துவிடுவார். முதல் ஆளுக்கு விலை சொல்லலாம், இரண்டாவது ஆளுக்குச் சாப்பாடு போட வேண்டும். நான் இரண்டும் என்றேன்.

ஒரு பாலிதீன் உறையிலிருந்து முத்து முதல் இதழை எடுத்து என் கையில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொள்ளத் தோன்றியது. நான் போட்டிருந்தது பேன்ட். கீழ்முனை எலி கொறித்து அரைவட்டமாகப் போயிருந்தது. தாள் பழுத்து, வறுத்த அப்பள நிறம். நடுவில் வாடகை நூல் நிலைய ரப்பர் ஸ்டாம்ப், ஊதா மசி ஊறி அடுத்த பக்கம் வரைக்கும் வந்திருந்தது. முதுகில் கோணி ஊசியால் மூன்று இடத்தில் குத்தித் தைத்த தடம். வாடகைக்கு விடுகிறவர்கள் அப்படித்தான் தைப்பார்கள், இல்லாவிட்டால் பத்துப் பேர் கை மாறுவதற்குள் பிய்ந்துவிடும். முதல் பக்கத்தின் மேலே யாரோ ஒரு பிள்ளை 5-ஆம் வகுப்பு ஆ பிரிவு என்று எழுதி, அதற்கு மேல் இருந்த பெயரை மட்டும் வேறொருவன் அடித்திருந்தான். எத்தனை கை மாறியிருக்கிறது! இது அமெரிக்காவில் இருந்திருந்தால் மார்க் போடாமலே தூக்கி எறிந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தையல் தடம்தான் புத்தகத்திலேயே நல்ல பகுதி.

"இதை விக்கிறதில்லீங்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

இவ்வளவும் எப்படித் தப்பியது என்று கேட்டேன். அவர் தறிப்பக்கம் திரும்பி, "அம்மா!" என்று கத்தினார். எண்பது வயது இருக்கும், மெல்ல வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மகன் படிக்கிற காகிதம் எதுவானாலும் பள்ளிக்கூடப் புத்தகம் என்றே நினைத்து, ஒன்றுவிடாமல் பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். பாடப் புத்தகங்களை மகனே விற்றுத் தின்றுவிட்டார். காமிக்ஸ் மட்டும் மிஞ்சியது.

"உங்க புஸ்தகமெல்லாம் என்னாச்சுங் கண்ணு?" என்று என்னைக் கேட்டார்கள்.

"எங்கம்மா எடைக்குப் போட்டுட்டாங்கம்மா."

அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். "பாவம், அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு என்ன முடையோ என்னமோ."

சாப்பாடு போட்டார்கள். பள்ளிபாளையம் சிக்கன், தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் தூக்கலாக. ருசியாகத்தான் இருந்திருக்கும், எனக்கு இறங்கவில்லை. கிளம்பும்போது டபுள் இருந்த ஒரு லாரன்ஸ்-டேவிட் இதழைக் கொடுத்தார். முன் அட்டை உண்டு, பின் அட்டை கிடையாது, நடுவில் நான்கு பக்கம் இல்லை. ஆயிரத்து எண்ணூறு. பேரம் பேசத் தோன்றவில்லை. அன்றிரவு ரயிலில் மேல் பெர்த்தில் படுத்து, இல்லாத நான்கு பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானே இட்டுக்கட்டிப் படித்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு?" என்றார்கள். சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

"இந்தக் கிழிசலுக்கா? இதுமாதிரி ஒரு சாக்கு வச்சிருந்தியேடா."

"அதைத்தான் நீ பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டியேம்மா."

அம்மா கீரைத் தண்டை ஒடிப்பதை நிறுத்தினார்கள். "நானா? காலேஜுக்குப் போகப் போறேன், இதெல்லாம் இருந்தா பயலுக சிரிப்பாங்கன்னு நீதானே சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டுப் போனே. வேணாண்டா, ஆசையாச் சேத்தது இருந்துட்டுப் போவுதுன்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னேன். அந்தக் காசுல பரோட்டா தின்னுட்டு வந்து ராத்திரி பூரா வயித்து வலின்னு படுத்துக்கிடந்தே, யாரு ஓம வாட்டர் வாங்கியாந்தது?"

ஓம வாட்டர் பாட்டில் எனக்கு ஞாபகம் இருக்கிறது.