ஒரே எஃப்சிபி அட்டை, பல லினக்ஸ்: என்பிஐவிக்கு மாறிய வரிசை

ஐபிஎம் மெயின்பிரேமில் இசட்/விஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளின் கீழ் ஓடும் லினக்ஸ் கெஸ்ட்களை (மெய்நிகர் கணினிகளை), சேவையை நிறுத்தாமல் என்பிஐவிக்கு (ஒரே போர்ட்டில் பல அடையாளங்களைத் தரும் வசதிக்கு) மாற்றியபோது பின்பற்றிய வரிசை இது.

மாற வேண்டிய காரணம் எளிது. மெயின்பிரேமை ஸ்டோரேஜோடு இணைக்கும் எஃப்சிபி அட்டையின் போர்ட்டை எத்தனை சாதன எண்களாகப் பிரித்துக் கொடுத்தாலும், ஸ்டோரேஜ் பெட்டிக்குத் தெரிவது அட்டையின் ஒரே டபிள்யூடபிள்யூபிஎன் (போர்ட்டின் உலகளாவிய அடையாள எண்) மட்டும்தான். ஒரு கெஸ்டுக்கு ஒதுக்கிய லன்னை (ஸ்டோரேஜ் டிஸ்க்கை) இன்னொரு கெஸ்டும் திறந்துவிடலாம். எந்த டபிள்யூடபிள்யூபிஎன் எந்த லன்னைப் பார்க்கலாம் என்று ஸ்டோரேஜில் வரையறுக்கும் மாஸ்கிங்கால் இதைத் தடுக்க முடியாது. 2005இல் இசட்9 மெயின்பிரேமுடன் வந்த என்பிஐவி, ஒவ்வொரு சாதன எண்ணுக்கும் தனி டபிள்யூடபிள்யூபிஎன் தருகிறது.

அந்த அடையாளம் கெஸ்டுக்கு உரியதல்ல. எல்பாரையும் (மெயின்பிரேமின் தனிப் பிரிவையும்) சாதன எண்ணையும் சார்ந்தது. இதை மறந்தால் தரவே போய்விடும். இசட்/விஎம் டைரக்டரியில், சாதனத்தைக் கெஸ்டுக்கு ஒதுக்கும் டெடிகேட் வரியில் 1801க்குப் பதில் 1802 என்று தட்டிவிட்டு, 1802க்கு உரிய கெஸ்ட் அப்போது இறக்கப்பட்டிருந்தால், இந்த லினக்ஸ் அதன் டிஸ்க்குகளோடு எழும். ஆகவே எந்தக் கெஸ்டுக்கு எந்த எண் என்ற அட்டவணைதான் முதல் வேலை. கெஸ்ட் வேறொரு எல்பாருக்கு நகரக்கூடும் என்றால் அங்குள்ள எண்களுக்கும் இப்போதே ஜோனிங் (யார் யாரோடு பேசலாம் என்று ஸ்விட்சில் வரையறுப்பது), மாஸ்கிங் செய்துவிடுங்கள்.

எண்ணிக்கையிலும் கை அடக்கம் தேவை. ஃபைகான் எக்ஸ்பிரஸ்8எஸ் அட்டையில் போர்ட்டுக்கு 32, எக்ஸ்பிரஸ்16எஸ்ஸில் 64 என்பிஐவி சாதனங்களுக்கு மேல் போகக் கூடாது. ஸ்விட்சிலும் அந்தப் போர்ட்டுக்கு என்பிஐவி திறந்திருக்க வேண்டும். ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் அனுமதிக்கும் லாகின் வரம்பு குறைவாக இருந்தால் முதல் சில சாதனங்கள் ஏறும், மற்றவை நிற்கும். லினக்ஸில் தேடிப் பயனில்லை. ஸ்விட்ச் இல்லாமல் ஸ்டோரேஜுக்கு நேரடியாகக் கேபிள் இழுத்திருந்தால் என்பிஐவியே கிடையாது.

பிறகு சப்போர்ட் எலிமெண்டிலிருந்து (மெயின்பிரேமை நிர்வகிக்கும் கணினியிலிருந்து) டபிள்யூடபிள்யூபிஎன் பட்டியலைக் கோப்பாக எடுங்கள். சி05076 என்று தொடங்கும் 16 இலக்கங்களைக் கையால் தட்டவே வேண்டாம். ஒரு ஜோனில் ஒரே ஒரு கெஸ்ட் டபிள்யூடபிள்யூபிஎன்னும் அதற்குரிய ஸ்டோரேஜ் போர்ட்களும் மட்டும் இருக்கட்டும். பலவற்றை ஒன்றாகப் போட்டால் ஒரு கெஸ்ட் ரீபூட் ஆகும்போதெல்லாம் மற்றவற்றுக்கும் அறிவிப்பு பறக்கும்.

என்பிஐவியை இயக்க அந்த எல்பாரில் சிஎச்பிஐடியை (அட்டைப் போர்ட்டுக்குரிய சேனலை) ஆஃப் செய்தாக வேண்டும். கெஸ்ட்களுக்கு இரண்டு பாதைகள் இருந்ததால் ஒவ்வொன்றாக மாற்றினோம்: ஒரு பாதையின் சாதனங்களை லினக்ஸில் ஆஃப்லைன் ஆக்கி, சிஎச்பிஐடியை இறக்கி, என்பிஐவியை இயக்கி, மீண்டும் ஏற்றினோம். லினக்ஸின் மல்டிபாத் கருவி இரண்டு பாதைகளையும் காட்டும்வரை அடுத்ததைத் தொடவில்லை. பழைய ஜோன்களைக் கடைசியில்தான் அழித்தோம்.

சரிபார்க்க, சிஸ்எஃப்எஸ்ஸில் (லினக்ஸ் சாதன விவரங்களைக் காட்டும் அடைவில்) எஃப்சி ஹோஸ்டின் போர்ட் வகையைப் பாருங்கள். 'என்பிஐவி விபோர்ட்' என்று இருக்க வேண்டும். அப்போதுதான் எஃப்சிபி அட்டைக்கான லினக்ஸின் இசட்எஃப்சிபி டிரைவர் லன்களைத் தானாகத் தேடும். இல்லையென்றால் ஒவ்வொரு லன்னையும் கையால் சேர்க்க வேண்டியதுதான்.